மானாவாரி ஓவர்கிளாக்கிங்: ரேமின் கதை

ரொம்ப நாளா வரைவிலேயே தூங்கிட்டிருந்த பதிவு இது. கம்ப்யூட்டர் வரலாறுன்னு தமிழில் எழுதுறவங்க பெரும்பாலும் பாபேஜில் ஆரம்பிச்சு பில் கேட்ஸில் முடிச்சுடுறாங்க. அதில் தப்பில்லை. ஆனா அருப்புக்கோட்டையிலயும் திருச்சுழியிலயும் ஒரு நெசவு வீட்டுக்கு, ஒரு மளிகைக்கடை வீட்டுக்கு அசெம்பிள்டு சிஸ்டம் எப்படி வந்துச்சுங்கிற வரலாறு அதில் எங்கேயும் கிடையாது. அந்த வரலாற்றில் ப்ராசஸரை விட ரேமுக்குத்தான் பெரிய பங்குன்னு நான் நினைக்கிறேன். ஏன்னு சொல்றேன், கொஞ்சம் பொறுமையா வாங்க.

கையில் இருக்கிற காசு கம்மி. வேணும்கிற வேகம் அதிகம். அப்போ என்ன பண்ணுவோம்? ஒரு படி கீழே இருக்கிற ப்ராசஸரை வாங்கி, ஒரு படி மேலே ஓட்டுவோம். இதுதான் ஓவர்கிளாக்கிங். ப்ராசஸரின் வேகம்ங்கிறது ஒரு பெருக்கல் கணக்கு: மதர்போர்டு கொடுக்கும் அடிப்படைத் துடிப்பு, அதை இத்தனை மடங்குன்னு பெருக்கும் ஒரு எண். மடங்கை கம்பெனிக்காரன் பூட்டி வச்சிருவான். துடிப்பை மட்டும் நாம ஏத்தலாம். சிக்கல் என்னன்னா, அந்தக் காலத்தில் ரேமும் அதே துடிப்பில்தான் ஓடும். ப்ராசஸரை ஏத்தினா கூடவே ரேமும் ஏறும். ப்ராசஸர் தாங்கும், ரேம் தாங்காது. நீலத்திரை வந்து நிக்கும். ஆகவே "எந்த ரேம் வாங்குறது?" என்பதுதான் சிக்கன ஓவர்கிளாக்கரின் முதல் கேள்வி.

தலைப்பில் மானாவாரின்னு போட்டதுக்குக் காரணம் இருக்கு. எங்க பக்கம் ஆத்துப் பாசனம் கிடையாது. குண்டாறுன்னு ஒண்ணு திருச்சுழியை ஒட்டிப் போகுது, வருஷத்தில் பாதி நாள் மணல்தான். ஐப்பசி கார்த்திகையில் வானம் கொடுத்தா கம்மாய் நிறையும், இல்லைன்னா கரிசக்காட்டில் விதைச்சதை வானத்தைப் பார்த்துக்கிட்டே காப்பாத்தணும். மலிவான விலையில் நல்லா ஓவர்கிளாக் ஆகும் ரேம் கிடைக்கிறதும் அப்படித்தான். உலகத்தில் எங்கேயோ ஒரு ஆலை அளவுக்கு மீறி உற்பத்தி பண்ணும், விலை விழும், நல்ல சிப்பு மலிவு குச்சியில் வந்து உக்காரும். அந்தப் பருவம் ஒண்ணு ரெண்டு வருஷம்தான். அப்புறம் காஞ்சிடும்.

முதலில் ரேம்னா என்னன்னு ஒரு பாரா. ஐபிஎம்மில் வேலை பார்த்த ராபர்ட் டென்னார்ட் 1966-ல் யோசிச்சு, 1968-ல் காப்புரிமை வாங்கின விஷயம் இது. ஒரு டிரான்சிஸ்டர், ஒரு சின்ன மின்தேக்கி. மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தா 1, இல்லைன்னா 0. அவ்வளவுதான். 1970-ல் இன்டெல் 1103-ன்னு இதை விற்பனைக்குக் கொண்டு வந்துச்சு (அந்தச் சிப்பில் ஒரு செல்லுக்கு மூணு டிரான்சிஸ்டர்). பிரச்சனை, அந்த மின்தேக்கி கசியும். கரை ஓட்டையான கம்மாய் மாதிரி. அதனால தண்ணி வத்துறதுக்குள்ள மறுபடி மறுபடி நிரப்பிக்கிட்டே இருக்கணும். டிடிஆர் காலத்து ரேம்களில் 64 மில்லிசெகண்டுக்குள் மொத்த செல்களையும் ஒரு சுத்து நிரப்பி முடிக்கணும், அதாவது 7.8 மைக்ரோசெகண்டுக்கு ஒரு தடவை நிரப்பும் கட்டளை போகும். சிப்பின் சூடு 85 டிகிரி தாண்டினா கசிவு கூடும், அதனால இரட்டிப்பு வேகத்தில் நிரப்பணும்னு தர விதியே இருக்கு. சூடு கூடினா தண்ணி சீக்கிரம் வத்தும்ங்கிறதை எங்க ஊர்க்காரனுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை :-)

ஓவர்கிளாக் பண்ணும்போது நாம செய்யறது, மடையைத் திறந்து மூடுற நேரத்தைக் குறைக்கிறது. சிப்புக்கு சிப்பு இந்த நேரம் வித்தியாசப்படும். ஒரே ஆலையில், ஒரே வாரத்தில் வந்த ரெண்டு சிப்பு கூட ஒரே மாதிரி இருக்காது. கம்பெனி சொல்ற வேகம் என்பது "இதுக்குக் குறையாம ஓடும்" என்ற உத்தரவாதம் மட்டுமே. அதுக்கு மேல எவ்வளவு மிச்சம் இருக்குங்கிறதில்தான் நம்ம பிழைப்பு.

இனி கதைக்கு வருவோம். இந்தக் கதை நடந்தது சாந்தா கிளாரா, தைவான், கொரியா பக்கம். எங்களுக்கு வந்து சேர்ந்தது சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் வழியா மதுரைக்கு, மதுரையிலிருந்து பஸ்ஸில் சுமார் 50 கிலோமீட்டர்.

1998 ஆகஸ்டில் இன்டெல் செலரான் 300ஏ-வை விட்டது. 66 மெகாஹெர்ட்ஸ் துடிப்பு, நாலரை மடங்கு, 300 மெகாஹெர்ட்ஸ். விலை 149 டாலர். அதே நாளில் வெளியான பென்டியம் 2, 450 மெகாஹெர்ட்ஸின் விலை 669 டாலர். அன்றைய மாற்று விலையில் ஒண்ணு ஆறாயிரத்துச் சொச்சம், இன்னொண்ணு 28 ஆயிரம். இப்போ கணக்குப் பாருங்க: துடிப்பை 66-லிருந்து 100 ஆக்கினா, 100 × 4.5 = 450. செலரான் பெரும்பாலானது இதை சாதாரணக் காத்தாடியிலேயே தாங்குச்சு. அதன் 128 கேபி கேஷ் சில்லுக்குள்ளேயே முழு வேகத்தில் ஓடினதால், பல விளையாட்டுகளில் 28 ஆயிரத்துக்குச் சமமா நின்னுச்சு. உலகம் முழுக்க சிக்கன ஓவர்கிளாக்கிங்கை வெகுஜன விளையாட்டா மாத்தினது இந்த ஒரு ப்ராசஸர்தான்.

ஆனா இதில் ரேமைப் பத்தி யாரும் சரியாப் பேசுறதில்லை. துடிப்பு 100 ஆச்சுன்னா ரேமும் 100-ல் ஓடியாகணும். பழைய 66 மெகாஹெர்ட்ஸ் குச்சி பல இடத்தில் மூச்சு விட்டுடும். பிசி100 குச்சி வேணும். அதுக்கு இன்டெல்லே விரிவான விதிமுறை போட்டிருந்துச்சு, குச்சியில் தன் வேகத்தைத் தானே சொல்லும் குட்டி சிப்பு (எஸ்பிடி) கட்டாயம்னு. கடையில் "பிசி100தான் தம்பி"ன்னு சொல்லிக் கொடுக்கறதில் எத்தனை நிஜமா பிசி100ங்கிறது வேற கதை. அதனாலதான் சிப்பின் முதுகில் அச்சடிச்ச எண்ணின் வாலைப் படிக்கிற வித்தை பிறந்துச்சு. பகுதி எண் -8 என்று முடிஞ்சா 8 நானோசெகண்ட், -10 என்று முடிஞ்சா 10 நானோசெகண்ட். கம்பெனிக்குக் கம்பெனி இந்தக் குறி மாறும், ஆனா ஸ்டிக்கரைப் படிக்காதே, சிப்பைப் படி என்ற பாடம் அன்னைக்கே வந்துடுச்சு. அடுத்த 25 வருஷமும் சிக்கன ஓவர்கிளாக்கர்கள் கத்துக்கிட்டது இதே பாடத்தின் வெவ்வேறு பதிப்புகள்தான்.

இங்கே ஒரு கிளைக்கதை. பதிவர்களாகிய நமக்கு ரேம் மேல ஒரு கடன் இருக்கு. 2003, 2004 வாக்கில் தமிழ் வலைப்பதிவு ஆரம்பிச்சப்போ திஸ்கி, டாப், டாம்னு எழுத்துரு குழப்பத்திலிருந்து யூனிகோடுக்கு மாறிக்கிட்டிருந்தோம். யூனிகோடில் கொம்பும் காலும் சரியான இடத்தில் உக்காரணும்னா விண்டோஸ் 2000 அல்லது எக்ஸ்பி வேணும், லதா எழுத்துருவும் அதோடுதான் வந்துச்சு. விண்டோஸ் 98-ல் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிக்கும். எக்ஸ்பிக்கோ 64 எம்பி குறைந்தபட்சம், 128 எம்பி சிபாரிசு. நிஜத்தில் 256 இல்லாம நிம்மதியா ஓடாது. 98-ன் காலத்தில் 32 எம்பி, 64 எம்பியோட வாங்கின சிஸ்டத்தில் ஒருத்தர் தமிழ்மணம் படிக்கணும்னா முதல் செலவு ரேம். இந்த மாற்றம் வீடுகளுக்குக் கட்டுப்படியானதில் 2001-ன் விலை வீழ்ச்சிக்குக் கணிசமான பங்கு இருக்குன்னு நான் உறுதியா நம்புறேன்.

அந்த வீழ்ச்சி பெரிய கூத்து. 1999 செப்டம்பர் 21-ல் தைவான் நிலநடுக்கம், ரேம் விலை எகிறுச்சு. 2001 கடைசியில் டாட்காம் சரிவில் 128 மெகாபிட் சிப்பு ஒண்ணு ஒரு டாலருக்கும் கீழே போச்சு. தயாரிச்சவனுக்கு அடக்க விலை கூடத் தேறாது. 2002 ஆரம்பத்தில் மறுபடி மடமடன்னு ஏறுச்சு. எப்படி ஏறுச்சுன்னு அமெரிக்க நீதித்துறை அதே வருஷம் விசாரிக்க ஆரம்பிச்சுது. கம்பெனிகள் ஒண்ணா உக்காந்து விலை பேசியிருக்காங்க! இன்ஃபினியான் 2004-ல் 16 கோடி டாலர், ஹைனிக்ஸ் 2005-ல் 18.5 கோடி, சாம்சங் அதே வருஷம் 30 கோடி, எல்பிடா 2006-ல் 8.4 கோடி டாலர் அபராதம் கட்ட ஒத்துக்கிட்டாங்க. மைக்ரான் முன்கூட்டியே ஒத்துழைச்சதால தப்பிச்சுது. மதுரைக் கடையில் "நேத்து ரேட்டு இன்னைக்கு இல்லண்ணே"ன்னு சொன்ன பையனைத் திட்டினவங்க நிறைய பேர். அவன் என்ன பண்ணுவான் பாவம், கூட்டணி போட்டவன் எங்கேயோ இருந்தான்.

நம்ம பக்கம் ஒரு நல்லது நடந்ததையும் சொல்லணும். உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் இந்தியா 1997-ல் சேர்ந்துச்சு. ரேம் உட்பட பல பொருட்களின் சுங்கவரி படிப்படியாக் குறைஞ்சு 2005-க்குள் பூஜ்ஜியத்துக்கு வந்தது. பையில் போட்டுக் கொண்டுவந்த பில் இல்லாத குச்சிக்கும், பில்லோட வந்த குச்சிக்கும் இருந்த இடைவெளி சுருங்குச்சு. பில் இருந்தா வாரண்டி. வாரண்டி இருந்தாத்தான் எங்க மாதிரி ஆளுங்க ஓவர்கிளாக் பண்ணத் துணிவோம். (வாரண்டி ஓவர்கிளாக்குக்குக் கிடையாதுங்கிற வாசகத்தை யாரும் படிக்கிறதில்லை.)

2003. என்னைக் கேட்டா இதுதான் பொற்காலத்தின் ஆரம்பம். ஒரே வருஷத்தில் ரெண்டு பாதை திறந்துச்சு, ரெண்டும் ரேமை வேற வேற மாதிரி நடத்துச்சு.

முதல் பாதை ஏஎம்டி. பிப்ரவரியில் வந்த ஏத்லான் எக்ஸ்பி 2500+, பார்ட்டன். 166 துடிப்பு, 11 மடங்கு, 1833 மெகாஹெர்ட்ஸ். மே மாசம் வந்த 3200+ என்னன்னு பார்த்தா 200 துடிப்பு, அதே 11 மடங்கு, 2200 மெகாஹெர்ட்ஸ். ஒரே பார்ட்டன், ஒரே கேஷ். 3200+ வெளியான விலை 464 டாலர், 2500+ அந்த வருஷத்துக்குள்ளேயே நூறு டாலருக்குக் கீழே இறங்கிடுச்சு. பயாஸில் 166-ஐ அழிச்சுட்டு 200-ன்னு எழுதுறதுதான் வித்தியாசம்! என்விடியாவின் என்ஃபோர்ஸ்2 போர்டு இதுக்கு ஏத்த கட்டில். ஆனா அந்த போர்டில் ஒரு குணம்: ரேமும் துடிப்பும் ஒரே வேகத்தில் ஓடினாத்தான் அதுக்குப் பிடிக்கும், வேற வேற வேகத்தில் வச்சா மொத்தமும் மந்தமாயிடும். ஆகவே 200-ல் ஓடும் ரேம், அதாவது டிடிஆர்400, பிசி3200 கண்டிப்பா வேணும்.

இங்கேதான் கடையில் ரெண்டு ரகம். தகடு போர்த்தின பளபளா குச்சி ஒண்ணு, பச்சைப் பலகையா வெறுமனே நிக்கிறது ஒண்ணு. 2500+-ஐ 3200+ ஆக்க மட்டுமே ஆசைப்பட்டவனுக்கு வெறும் பச்சைக் குச்சியே போதும். சிஎல் 2.5 அல்லது 3, டிடிஆர்400, அவ்வளவுதான். மிதமான ஓவர்கிளாக்குக்குத் தேவை ரேமின் சாகசம் இல்லை, ரேம் வழிமறிக்காம இருந்தா போதும். தகடு போட்ட குச்சிக்குக் கொடுக்கற கூடுதல் காசில் 256-க்குப் பதில் 512 எம்பி வாங்கினவன் அதிக நாள் சந்தோஷமா இருந்தான். நான் நண்பர்களுக்கு அன்னைக்குச் சொன்னதும் இதுதான், இன்னைக்குச் சொல்றதும் இதுதான்.

ரெண்டாவது பாதை இன்டெல். மே 2003-ல் 865 சிப்செட், இரட்டைத் தடம் டிடிஆர்400, கூடவே பென்டியம் 4, 2.4சி. 200 × 12. இதைத் துடிப்பு 250 ஆக்கினா 3 கிகாஹெர்ட்ஸ். 1:1 கணக்கில் ரேம் டிடிஆர்500 வேணும், அது யானை விலை. ஆனா 865-ல் 5:4-ன்னு ஒரு வகுத்தல் இருந்துச்சு. துடிப்பு 250 போகும்போது ரேம் 200-லேயே நிக்கும். சாதாரண டிடிஆர்400 போதும். ஏஎம்டி பக்கம் ரேமும் சேர்ந்து ஓடணும், இன்டெல் பக்கம் ரேமை விட்டுட்டுப் போகலாம். எந்தப் பாதைன்னு முடிவு பண்ணாம ரேம் வாங்கக் கூடாதுங்கிறது இதனாலதான்.

பிஎச்-5 பத்திச் சொல்லாம 2003-ஐத் தாண்டினா ஓவர்கிளாக் குலசாமி கோவிச்சுக்கும். தைவானின் வின்பாண்ட் கம்பெனி செஞ்ச சிப்பு அது. டிடிஆருக்கு விதிச்ச மின்னழுத்தம் 2.5 வோல்ட். பிஎச்-5-க்கு 3.2, 3.3-ன்னு கொடுத்தா 2-2-2 என்ற இறுக்கமான நேரத்தில் அசராம ஓடும். பல கம்பெனிகள் இதை விலை உயர்ந்த குச்சியிலும் போட்டாங்க, சில சமயம் மலிவுக் குச்சியிலும் வந்து விழுந்துச்சு. வின்பாண்ட் 2003-லேயே தயாரிப்பை நிறுத்தினதும் சிப்பு புராணமாயிடுச்சு. போர்டுகள் அவ்வளவு வோல்ட் கொடுக்காததால, ரேம் சொருகும் இடத்தில் சொருகி வோல்ட் கூட்டித் தர தனிச் சாதனமே வித்தாங்கன்னா பாருங்க (ஓசிஇசட் டிடிஆர் பூஸ்டர்). ஆனா சித்திரை வெயிலில் அருப்புக்கோட்டை ஓட்டு வீட்டுக்குள்ள 3.3 வோல்ட் ரேம்ங்கிறது, வேகாத வெயிலில் அடுப்பைக் கட்டிப் பிடிக்கிற மாதிரி. எங்களுக்கு ஏத்தது அதுக்கு எதிர்ப்பக்கம் நின்ன சாம்சங்கின் டிசிசிடி சிப்பு: கம்மி வோல்ட்டில் உயர்ந்த துடிப்பு. அதுவும் மலிவில்லை. ஆகவே ரெண்டையும் படிச்சு ரசிச்சோம், வாங்கினது பச்சைக் குச்சி.

சூடு பத்தி ஒரு விஷயம். வெயில்தான் ரேமின் முதல் எதிரின்னு நாம எல்லோரும் நம்புறோம். 2009-ல் கூகிளின் சர்வர்களை வச்சு ஷ்ரோடர், பின்ஹெய்ரோ, வெபர் மூணு பேர் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. வருஷத்துக்கு 8 சதவீதத்துக்கு மேற்பட்ட ரேம் குச்சிகளில் பிழை வருதாம். ஆச்சரியம், மத்த காரணங்களைக் கழிச்சுட்டுப் பார்த்தா வெப்பநிலையின் பங்கு ரொம்பக் கம்மியாம். ஆனா அது விதிச்ச வேகத்தில், விதிச்ச வோல்ட்டில், குளிர்பதன அறையில் ஓடும் ரேம். நேரத்தை இறுக்கி விளிம்பில் ஓட்டுறவனுக்கு இந்த ஆறுதல் பொருந்தாது. மிச்சத்தை எல்லாம் எடுத்துச் செலவழிச்ச பிறகு சித்திரை மாசம் எடுக்க எதுவும் பாக்கி இருக்காது.

எங்க பக்கம் வெயிலை விட மோசமானது மின்சாரம். விசைத்தறி ஓடுற தெருவில் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கறதை பல்பின் மஞ்சளைப் பார்த்தே சொல்லலாம். மலிவு கேபினட்டோட இலவசமா வரும் பவர் சப்ளை அதை அப்படியே உள்ளே அனுப்பும். ரேம் சரியில்லைன்னு மாத்தி மாத்திப் பார்த்து, கடைசியில் குத்தவாளி பவர் சப்ளைன்னு கண்டுபிடிச்ச வீடுகள் எனக்குத் தெரிஞ்சே நாலைஞ்சு. தகடு போட்ட ரேமுக்குப் போகிற காசை நல்ல பவர் சப்ளையில் போடுன்னு நான் சொல்றதுக்குக் காரணம் இந்த மஞ்சள் பல்புதான்.

விளிம்பில் ஓடும் ரேம் ஒரேயடியா நின்னுட்டா பிரச்சனை இல்லை, தெரிஞ்சுடும். நிக்காம ஓடிக்கிட்டே எப்பவாவது ஒரு பிட்டை மாத்தி வைக்கும் பாருங்க, அதுதான் ஆபத்து. தங்கச்சி கல்யாண போட்டோவில் பாதி சாம்பலாகும். ரெண்டு வருஷம் தட்டச்சு பண்ண கோப்பு திறக்காது. அன்னைக்குத் தெரியாது, ஆறு மாசம் கழிச்சுத் தெரியும். கிறிஸ் பிராடி 1990-களில் எழுதின மெம்டெஸ்ட்86, அதிலிருந்து 2004-ல் கிளைத்த மெம்டெஸ்ட்86+, ரெண்டும் இலவசமாக் கிடைச்சது எங்க மாதிரி ஆளுங்களுக்குப் பெரிய வரம். ராத்திரி முழுக்க ஓட விட்டு, காலையில் ஒரு பிழை கூட இருக்கக் கூடாது. ஒண்ணே ஒண்ணுதானேன்னு சொல்றவங்களோட நான் சண்டையே போட்டிருக்கேன். திருச்சுழிப் பக்கம் பிரவுசிங் சென்டர் வச்சிருந்த நண்பர் ஒருத்தர் இன்னும் கடுமை. சோதனையை மதியம் ரெண்டு மணிக்குத்தான் ஆரம்பிப்பார், அதுவும் மின்விசிறியை நிறுத்திட்டு. "மார்கழியில பாஸானா எவனும் பாஸாவான், சித்திரையில பாஸாகட்டும்ணே" என்பார். நான் பார்த்ததிலேயே சிறந்த சோதனை முறை அது.

அடுத்த நல்ல பருவம் 2007. விண்டோஸ் விஸ்டா ஜனவரியில் வரப்போகுது, எல்லோருக்கும் ரெண்டு கிகா வேணும்னு நம்பி ரேம் கம்பெனிகள் ஆலைகளை விரிச்சாங்க. விஸ்டா எதிர்பார்த்த மாதிரி ஓடலை. டிடிஆர்2 விலை சரிஞ்சுது, சரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. கடைசியில் 2009 ஜனவரியில் ஜெர்மனியின் கிமோண்டா திவாலாகிற வரைக்கும் போச்சு. வானம் கொட்டித் தீர்த்த வருஷம்னு வச்சுக்குங்க, எங்களுக்கு.

அதே 2007 ஜூனில் இன்டெல் பென்டியம் டூயல் கோர் ஈ2160-ஐ விட்டது. 84 டாலர். 200 × 9 = 1800 மெகாஹெர்ட்ஸ். துடிப்பை 333 ஆக்கினா 3 கிகாஹெர்ட்ஸ். அடுத்த மாசம் வந்த கோர் 2 டுவோ ஈ6850-ம் 3 கிகாஹெர்ட்ஸ்தான், 266 டாலர். கேஷ் 1 எம்பிக்கும் 4 எம்பிக்கும் வித்தியாசம் உண்டு, ரெண்டும் சரிசமம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா மூணில் ஒரு பங்கு விலை.

ரேம் கணக்கு இன்னும் அழகு. அந்தக் கால இன்டெல் சிப்செட்டில் ரேமைத் துடிப்புக்குக் கீழே இறக்க முடியாது, 1:1-தான் அடிமட்டம். துடிப்பு 333-ன்னா ரேம் 333, அதை இரட்டிப்பாக்கினா டிடிஆர்2-667. இருக்கிறதிலேயே மலிவான குச்சி! துடிப்பு 400 போகணும்னா டிடிஆர்2-800, அதுவும் அப்போ கொஞ்சம்தான் அதிகம். மைக்ரானின் டி9 சிப்பு போட்ட, 2.2 வோல்ட் கேக்கிற டிடிஆர்2-1066 குச்சிகளை எல்லோரும் கொண்டாடினாங்க. மிதமா 3 கிகாஹெர்ட்ஸ் போறவனுக்கு அது தேவையே இல்லை. டிடிஆர்2-800, 1.8 வோல்ட், தகடு இல்லாம, ரெண்டு ஒரு கிகா குச்சி. இதைவிட நல்ல யோசனை அந்த ரெண்டு வருஷத்தில் யாரும் சொல்லலை. அருப்புக்கோட்டையில் டிடிபி கடையும் போட்டோ ஸ்டுடியோவும் வச்சிருந்தவங்க நிறைய பேர் இப்படி ஏத்தின சிஸ்டத்தில்தான் கல்யாணப் பத்திரிகையும் ஆல்பமும் போட்டாங்க. அவங்களில் பாதிப் பேருக்குத் தங்கள் சிஸ்டம் ஏத்தினதுன்னே தெரியாது, அசெம்பிள் பண்ண தம்பி சொல்லலை :-)

அப்புறம் வறட்சி. 2008 கடைசியில் நெஹலேம் வந்தப்போ ரேமுக்கு 1.65 வோல்ட்டுக்கு மேல கொடுத்தா ப்ராசஸரே போகும்னு இன்டெல் எச்சரிச்சுது. 2011 ஜனவரியில் சாண்டி பிரிட்ஜ், துடிப்பையே பூட்டிட்டான். இனி கே எழுத்து போட்ட விலை உயர்ந்த ப்ராசஸரில்தான் ஓவர்கிளாக். 149 டாலரை 669 டாலராக்கின விளையாட்டு முடிஞ்சுது. 2012-ல் சென்னைக்கு வெளியே பாதி நாள் கரண்டே இல்லாத காலத்தில் ஓவர்கிளாக்கைப் பத்தி யாரும் கவலைப்பட்டதாவும் தெரியலை. இன்வெர்ட்டரில் எத்தனை நேரம் ஓடும் என்பதே கேள்வி. அந்தக் கேள்விக்கும் பொருத்தமான ஒரு ரேம் அப்போ வந்துச்சு: சாம்சங்கின் 30 நானோமீட்டர் டிடிஆர்3. குட்டையான பச்சைக் குச்சி, 1.35 வோல்ட், விதிச்ச வேகம் 1600, சிரமமில்லாம 2133 போச்சு. பளபளா தகடெல்லாம் வெட்கப்பட்டு நின்னுச்சு. அதே 2012 பிப்ரவரியில் ஜப்பானின் எல்பிடா திவாலுக்கு மனு போட்டுச்சு, அடுத்த வருஷம் மைக்ரான் வாங்கிடுச்சு. 2013 செப்டம்பரில் சீனாவின் வூஷியில் ஹைனிக்ஸ் ஆலையில் தீ, விலை ஏத்தம். பெரிய கம்பெனிகள் மூணாக் குறைஞ்சாச்சு: சாம்சங், ஹைனிக்ஸ், மைக்ரான்.

2017 மார்ச்சில் ஏஎம்டியின் ரைசன் வந்து கதையைத் திருப்புச்சு. அதன் உள்பாகங்களை இணைக்கும் தடத்தின் துடிப்பை ரேமின் துடிப்போட கட்டி வச்சிருந்தாங்க. என்ஃபோர்ஸ்2 காலம் மறுபடி வந்தாச்சு, ரேம் மெதுவா ஓடினா ப்ராசஸரும் மெதுவா யோசிக்கும். 2400 குச்சிக்கும் 3200 குச்சிக்கும் கண்ணுக்குத் தெரியற வித்தியாசம். பெரிய ஆளுங்க சாம்சங் பி-டை தேடிப் போனாங்க. 2017, 2018-ல் ரேம் விலையே ஆகாயத்தில் இருந்துச்சு, அதில் பி-டை இன்னும் மேலே. 2019-ல் மறுபடி மழை. மைக்ரானின் ஈ-டை என்ற சிப்பு, அதே மைக்ரானின் சில்லறை முத்திரையான குருஷியல் பாலிஸ்டிக்ஸ் ஸ்போர்ட் எல்டி குச்சிகளில் வந்துச்சு. 3000 அல்லது 3200-ன்னு விதிச்ச மலிவுக் குச்சி, 1.35 வோல்ட்டில் 3600 தொட்டுச்சு. அந்த ஜூலையில் வந்த ரைசன் 3000-க்கு 3600-தான் சரியான இடம். 2003-ன் பச்சைக் குச்சிக்கு நேரடி வாரிசு அது.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுறேன். சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி, ரேமின் வேகத்தால் வகுங்க, நானோசெகண்டில் தாமதம் வரும். டிடிஆர்400 சிஎல்2: 10. டிடிஆர்2-800 சிஎல்5: 12.5. டிடிஆர்3-1600 சிஎல்9: 11.25. டிடிஆர்4-3200 சிஎல்16: 10. இன்னைக்கு விக்கிற டிடிஆர்5-6000 சிஎல்30: அதே 10. இருபது வருஷமா டென்னார்ட்டின் அந்தக் கம்மாய் மடையைத் திறக்க எடுத்துக்கிற நேரம் மாறவே இல்லை. வாய்க்கால்தான் அகலமாச்சு. கடைக்காரர் பெரிய எண்ணைக் காட்டி விலை சொல்லும்போது இந்த வகுத்தலை மனசில் போட்டுப் பாருங்க, பாதி குச்சிகள் அங்கேயே விழுந்துடும். 3600 சிஎல்18-ம் 3200 சிஎல்16-ம் தாமதத்தில் சமம் என்பதை அட்டைப்பெட்டி எதுவும் சொல்லாது.

இப்போ என்ன நிலைமைன்னு கேட்டா, கடும் பஞ்சம். செயற்கை நுண்ணறிவு மையங்களுக்கு உயர்ரக நினைவகம் செய்யறதில் மூணு கம்பெனியும் இறங்கிட்டதால, 2025 கடைசியில் வீட்டு ரேம் விலை மாசத்துக்கு மாசம் ஏறுச்சு. டிசம்பர் 2025-ல் மைக்ரான், 1996-லிருந்து நடத்தின குருஷியல் சில்லறை வியாபாரத்தையே மூடுறதா அறிவிச்சுது. இத்தனைக்கும் அதே மைக்ரான்தான் குஜராத்தின் சனந்தில் சோதனை மற்றும் பொதியிடும் ஆலை கட்டுறதா 2023 ஜூனில் அறிவிச்ச கம்பெனி. போன மாசம் ஊர்ப்பையன் ஒருத்தன், காலேஜ் ரெண்டாம் வருஷம், பழைய ரைசன் 3600 ஒண்ணை மலிவா வாங்கி வச்சிட்டு ரேமுக்கு என்னண்ணே பண்றதுன்னு கேட்டான். புதுசு வேண்டாம், பழைய குச்சி பாருன்னேன். பாலிஸ்டிக்ஸ் கிடைச்சா லேபிளில் பகுதி எண்ணோட கடைசி எழுத்து ஈ-யான்னு பாரு, கடையிலேயே தைபூன் பர்னர் போட்டு சிப்பைப் படி, ரெண்டு எட்டு கிகா ஜோடியா எடு, 3600-க்கு ஆசைப்படாம 3200-ல் 1.35 வோல்ட் வச்சு மெம்டெஸ்ட் ஓட்டு, ஓட்டும்போது மின்விசிறியை நிறுத்திடு. எல்லாத்தையும் போனில் குறிச்சுக்கிட்டு, கடைசியாக் கேட்டான்: "அண்ணே, சித்திரை வரைக்கும் காத்திருக்கணுமா?"